ஒரு தட்டு

வளைவு முடிந்து வண்டி நிமிர்ந்ததும் சென்னியப்பனின் இடது தோள் வழக்கம்போல லேசாக உயர்ந்தது. பூங்கோதையும் வழக்கம்போல அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் சரி. பின்னால் ட்ரெய்லர் ஒழுங்காக வருகிறது, நீங்கள் பாட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் நிறுத்துங்கள். வண்டி ஓடும்போது புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் இந்த இரண்டு சொற்கள்தான் புழக்கத்தில் இருந்தன. மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தட்டிய கையின் உறைக்குள், உள்ளங்கையில், அந்தக் கிளிப் குத்தியது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி, ஒரு கால் நேராக, இன்னொரு கால் கொண்டை ஊசி மாதிரி நெளிந்து. மோட்டார் சைக்கிளும் ட்ரெய்லரும் சேர்கிற இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு போல்ட்டு மேலிருந்து கீழாக இறங்கும்; குலுக்கலில் அது எகிறி வெளியே வந்துவிடாமல் அதன் அடியில் உள்ள ஓட்டையில் இந்தக் கிளிப்பைச் செருக வேண்டும். அங்கே இருக்க வேண்டியது இங்கே அவள் கைக்குள் இருந்தது. வண்டி திம்பம் மலையில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பாதிக்கு மேல் வளைவுகள் மிச்சம், அவள் சரி என்று தட்டிவிட்டாள். இது எத்தனையாவது சரி என்று எண்ணப்போனவள் பாதியில் விட்டுவிட்டாள். முதல் வளைவில் தட்டியபோதே பொய்யாகிவிட்டது, பிறகு வந்ததெல்லாம் அதன் வால்தானே.

வேண்டுமென்று செய்ததல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். பண்ணாரியில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். அவள் கோயிலுக்குப் போய் வாசலோடு கும்பிட்டுவிட்டு, நெற்றியில் புற்று மண்ணோடு திரும்பி வந்தாள். அதற்குள் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். எங்கே நிறுத்தினாலும் கூடுகிற கூட்டம்தான். மைலேஜ் என்ன கொடுக்கும், இதை இழுத்தால் எஞ்சின் சூடாகாதா, உள்ளே ஆள் படுக்கலாமா. சென்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமல், அதன்மேல் ஒட்டிவைத்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிய, ட்ரெய்லரைக் கழற்றி மாட்டிக் காட்டி வகுப்பெடுத்து முடித்திருந்தார். மில்லில் மேனேஜராக இருந்தவர். நாலு பேர் வட்டமாக நின்றுவிட்டால் அவருக்கு ஷிப்ட் தொடங்கிவிடும். அவள் ஏறப்போகும்போதுதான் ட்ரெய்லரின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஜல்லிக் கல்லோடு கல்லாக, அது மினுங்கியது. குனிந்து எடுத்தாள். ஏனுங்க என்று வாயைத் திறந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். சிவப்பு விளக்கு எரியும்போது பேசக் கூடாது என்பது அந்தக் கைக்கு அர்த்தம். மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவில் ஆட்களை நிறுத்திய கை. அப்புறம் அதே கையால் ஏறு ஏறு என்று ஜாடை காட்டினார். அவள் ஏறினாள். கையில் இருந்ததைக் கையுறைக்குள் தள்ளிக்கொண்டு ஏறினாள். இதில் அவள் தப்பு என்ன? வாயைத் திறந்தாளா இல்லையா? அம்மன் சன்னதிக்கு எதிரில்தான் நடந்தது, வேண்டுமானால் கேட்டுப் பார்க்கட்டும். இப்படி வாதாடிக்கொண்டு வந்தவளுக்குச் செக்போஸ்டில் வண்டி நின்றது ஞாபகம் வந்தது. அங்கே நின்றதா இல்லையா? காவல்காரர் ட்ரெய்லரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு அப்போது எரியவில்லை. அவள் வாய் அப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அம்மன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அடுத்த வளைவு வந்தது. தோள் உயர்ந்தது. தட்டினாள். குத்தியது.

முதலில் எல்லாம் அவளுக்கும் ஹெல்மெட்டுக்குள் பேசுகிற கருவி இருந்தது. அவர் காதில் அவள் குரல், அவள் காதில் அவர் குரல். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் காதோடு காது வைத்துப் பேசியதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இது என்ன என்று கூச்சமாகத்தான் இருந்தது, பிடித்தும் இருந்தது. பவானி தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் போகிறது என்பாள், அவர் ம் என்பார், அந்த ம் காதுக்குள் சூடாக விழும். மூன்றாவது பயணத்திலேயே அதைக் கழற்றிவிட்டார். அவள் மூச்சுச் சத்தம் வீடியோவில் விழுகிறதாம். வீடியோவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: அண்ணா, நீங்க பேசறது சூப்பர், அக்கா பின்னாடியிருந்து புலம்பறதை மட்டும் கட் பண்ணுங்க. அவர் அதை அவளுக்கே வாசித்துக் காட்டிச் சிரித்தார். பார்க்கிறவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்றார். முப்பது வருஷமாகச் சோறு போட்டவள் சொன்னால் கேட்க வேண்டும் என்று எவனாவது கீழே எழுதினால் நன்றாக இருக்கும். சங்கிலியும் அப்படித்தான் போனது. போல்ட்டு எகிறினாலும் ட்ரெய்லர் தனியாக ஓடிவிடாமல் இருக்கப் பட்டறைக்காரர் ஒரு சங்கிலி கோத்துக் கொடுத்திருந்தார். அது கலகலவென்று ஒலிப்பதிவைக் கெடுக்கிறது என்று அவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். மூச்சுச் சத்தம், சங்கிலிச் சத்தம், இரண்டும் ஒரே கணக்கு. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தட்டு. இரு பக்கமும் பெட்டி, நடுவில் ஒரு பெட்டி என்று வண்டியே கல்யாண வீட்டுச் சீர் மாதிரி புடைத்துக்கொண்டிருப்பதால் அவருடைய கண்ணாடியில் ட்ரெய்லர் தெரியாது. அவளுக்கென்று பக்கப் பெட்டியில் ஒரு கம்பி நீட்டி வட்டக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தார். பின்னால் பார்ப்பது உன் டிபார்ட்மெண்டு என்றார். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரை அவர் முன்னாலிருந்து பார்த்தார், அவள் அந்த வட்டத்துக்குள் ஆரஞ்சு நிறப் பெட்டியைப் பார்த்தாள். ராஜஸ்தானத்தில் மயில் ஆடியதாம். அவள் வீடியோவில்தான் பார்த்தாள்.

குட்டி என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். குட்டி எப்படி வருது, குட்டிக்குக் காற்றுப் பார்த்தியா, குட்டிக்கு மழையில் தார்பாய் மூடினியா. பழைய ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு, இரும்புச் சட்டம், மேலே பெட்டி. உள்ளே கூடாரம், மடக்கு நாற்காலி, அடுப்பு, பேட்டரி, பறந்து படம் எடுக்கிற யந்திரம், அது உடைந்தால் இன்னொன்று. அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள். கூடாரத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பது அவள், கேமராவுக்கு முன் ருசி பார்த்து ஆகா என்பது அவர். இப்போது அந்தப் பெட்டியின் ஒரு மூலையில் அவள் வைத்த மூட்டையும் இருந்தது. பழைய வாயில் புடவைகளைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்த துணிகள். மகளின் பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவதற்கு. போன வருஷம் தைத்தது. அந்தக் குழந்தை இப்போது குப்புற விழுந்து தவழப் பார்க்கிறது, அதற்கு இனி எதைச் சுற்றுவது? இருந்தாலும் எடுத்து வைத்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, பின்னால் டொம் என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். ஆரஞ்சுப் பெட்டி வந்துகொண்டிருந்தது. மேல் பாதி மட்டும்தான் தெரியும், போல்ட்டு தெரியாது. அது இப்போது எவ்வளவு எழும்பியிருக்கும்? ஒரு நூல்? அரை விரல்? பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு நூல் எழும்பினால் கூட மேலே போய்ச் சேர்வதற்குள் வந்துவிடுமே. வரட்டும் என்று ஒரு குரல் சொன்னது. அவள் குரல்தான். ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு சூடாகத் திரும்பி முகத்தில் அடித்தது.

வரட்டும். வந்தால் என்ன? பெட்டி பின்னால் உருண்டு, தடுப்புச் சுவரில் மோதி, குரங்குகள் சிதறி ஓட, பள்ளத்தாக்கில் போய் விழும். கூடாரம் போகும், அடுப்பு போகும். கூர்க் பயணமும் போகும். அந்தப் பயணம் கெட்டால்தான் அவளுக்கு மைசூர் கிடைக்கும். மகள் மிருதுளா மைசூரில் இருக்கிறாள், மருமகனுக்கு அங்கே வேலை. போன வாரம் ஃபோன் பண்ணினாள். அவளாகப் பண்ணினாள். திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸ் போக வேண்டும், மாமியாருக்கு முட்டி வலி, குழந்தையைத் தனியாகப் பார்க்க முடியவில்லை, நீ வந்து கொஞ்ச நாள் இருக்கியாம்மா என்று கேட்டாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் அம்மாவிடம் கேட்ட முதல் காரியம் அது. பூங்கோதை ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து சொன்னபோது அவர் சரி என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாளே வீடியோவில் அறிவித்துவிட்டார்: பேரனைப் பார்க்கப் போறோம், அங்கிருந்து கூர்க், குட்டியோட மழைக்காட்டுல பத்து நாள். மைசூரில் இரண்டு நாள். ஏனுங்க, அவ என்னை இருக்கச் சொல்றாளுங்க என்றாள். அதுதான் ரெண்டு நாள் இருக்கறோமே என்றார். நான் கூர்க்குக்கு வரலீங்க என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல், பெரிய வாக்கியமா அது? சத்தியமங்கலத்தில் மைசூர் பஸ் நின்றது, கண்ணால் பார்த்தாள், ஏறி உட்கார்ந்திருக்கலாம். பஸ்காரன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறான். கால் நகரவில்லை. காலையும் சேர்த்துத்தான் அன்றைக்குத் தாலி கட்டினார்கள்போல.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊரறிந்த வழக்கம். சீர் வைத்துக் கூட்டிவர வேண்டும், வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும், மருந்து கிளற வேண்டும், ராத்திரி குழந்தை அழுதால் நீ தூங்கு கண்ணு என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தானே பெண்ணைப் பெறுவது. இன்னும் ரெண்டு மாசம் இருக்குது, குஜராத் போய்ட்டு வந்து கூட்டிக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். தேதி அறிவித்தாகிவிட்டது. குழந்தைக்கு அவருடைய அறிவிப்பு தெரியவில்லை, முந்திக்கொண்டது. அவர்கள் அப்போது உப்புப் பாலைவனத்தில், சிக்னல் இல்லாத இடத்தில், வெள்ளை வெளேரென்ற தரையில் கூடாரம் அடித்து உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்கள். அவள்தான் கிண்டினாள். அந்த நேரம்தான் மகள் கத்தியிருப்பாள் என்று பிறகு கூட்டிக் கழித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அம்மா என்றுதானே கத்தியிருப்பாள், எல்லாப் பெண்களும் அப்படித்தானே கத்துவார்கள். அந்த உப்புமாவை நினைத்தால் இப்போதும் நாக்கில் உப்புக் கரிக்கிறது. சேதி தெரிந்தும் அவர் ரயிலில் போகலாம் என்று சொல்லவில்லை, குட்டியை யார் பார்ப்பது? ஓட்டியே வந்தார்கள். வந்து சேர்ந்தபோது குழந்தைக்குத் தொப்புள் கொடி விழுந்து, பெயர் வைத்து, எல்லாம் ஆகியிருந்தது. சம்மந்தியம்மா சுலோச்சனா வாசலுக்கு வந்து வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். "வாங்க சம்மந்தி. டூரெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லை. மிருதுளா கட்டிலில் படுத்திருந்தவள் திரும்பிப் பார்த்துச் சாப்டியாம்மா என்று கேட்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலாம். விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டியபோது கை கழுவிட்டீங்களா சம்மந்தி என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நியாயமான கேள்விதான். கழுவிவிட்டு வந்தாள். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. தோள் உயர்ந்தது. கை தானாகப் போய்த் தட்டியது, குத்தியபோதுதான் தட்டியது தெரிந்தது.

ஆகையால் வரட்டும். அவளாக ஒன்றும் பிடுங்கவில்லை. விழுந்து கிடந்ததை எடுத்தாள், சொல்ல வந்தாள், கை காட்டினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற மனுஷனுக்கு வால்தான் மிஞ்சும். ட்ரெய்லர் போனால் இரண்டு நாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார், அதையும் படம் எடுப்பார், பிறகு பட்டறையில் இன்னொன்று செய்யச் சொல்வார். அது வருவதற்கு மாசக்கணக்காகும். அத்தனை மாசமும் அவள் மைசூரில். காலையில் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்ப்பாள். கெண்டைக்கால் சதையைப் பிடித்துவிடுவாள். கண்ணில் நீர் போகாமல் நெற்றியில் கையை அணை கட்டி ஊற்றுவாள். சுலோச்சனா முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அந்தச் சூடான ஈரமான எடை இப்போதே முழங்காலில் தெரிந்தது, அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம்போல இருந்தது. வண்டியின் அதிர்வுதான் அது, முழங்காலில் வேறு எதுவும் இல்லை. மேலேயிருந்து தக்காளிக் கூடைகள் அடுக்கிய லாரி ஒன்று முக்கி முனகி இறங்கியது. சென்னியப்பன் ஓரமாக நிறுத்தி வழிவிட்டார், பின்பு கிளட்சை விட்டபோது வண்டி வெடுக்கென்று இழுத்தது. பின்னால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடியில் ஆரஞ்சுப் பெட்டிக்கு மேலே ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. புதிதாகச் சிரைத்த மொட்டை, சந்தனம் அப்பி மஞ்சளாக வெயிலில் மின்னியது. மொபெட் ஒன்று நெருங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், பின்னால் அவன் பெண்டாட்டி மடியில் பையோடு, முன்னால் கால் வைக்கிற இடத்தில் அந்தக் குழந்தை நின்றுகொண்டு ஹேண்டிலைப் பிடித்திருந்தது. மூன்று வயதிருக்கும். பண்ணாரியில் முடி எடுத்துவிட்டுத் தாளவாடிப் பக்கம் போகிறவர்களாக இருக்க வேண்டும். ட்ரெய்லரின் பின்பக்கம் அவர் மாட்டிவைத்த காற்றாடி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை அதைத்தான் பார்த்தது. பார்ப்பதற்காகவே அப்பன் நெருக்கி ஓட்டினான்போல. தள்ளிப் போ என்று அவள் உள்ளுக்குள் சொன்னாள். முந்திக்கொண்டு போய்விடு. முந்துவதற்கு இடமில்லை, மேலேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாக லாரிகள். இது எப்போதிலிருந்து வருகிறது? இவ்வளவு நேரம் அவள் எதைப் பார்த்தாள்? கண்ணாடியைத்தான் பார்த்தாள், பெட்டியைத்தான் பார்த்தாள், பெட்டி பள்ளத்தில் விழுவதைக்கூட அழகாகப் பார்த்தாள், பெட்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ரோடு இருக்கிறது, ரோட்டில் ஆட்கள் வருவார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை. பெட்டி பின்னால் உருண்டால் அந்த மொட்டைத் தலையில்தான் முதலில் மோதும். சரியாக அந்த உயரம். சந்தனம். தட்டிவிடு, இரண்டு தட்டு, என்ன கஷ்டம்? கை எழுந்தது, பாதியில் நின்றது. தட்டினால் நிறுத்துவார். நிறுத்தினால் கிளிப்பைக் காட்ட வேண்டும். காட்டினால் எங்கே கிடைத்தது என்று கேட்பார். பண்ணாரியில் என்றால் இத்தனை வளைவுக்கும் எதைத் தட்டினாய் என்று கேட்பார். இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லலாம். ஓடுகிற வண்டியில் எங்கே பார்த்தாய்? கையுறைக்குள் எப்படி வந்தது? இன்னும் ஒரு வளைவு பார்க்கலாம். அந்தக் குடும்பம் எங்காவது நிற்கலாம், குழந்தைக்கு ஒன்றுக்கு வரலாம், குரங்குக்குப் பொரி போட நிற்கலாம். வளைவு வந்தது. மொபெட் இன்னும் நெருங்கியது. குழந்தை ஒரு கையை எடுத்துக் காற்றாடியைப் பார்த்து ஆட்டியது. அதன் அம்மா பின்னாலிருந்து எட்டி அந்தக் கையைப் பிடித்து ஹேண்டிலில் வைத்தாள். சென்னியப்பனின் தோள் உயர்ந்தது.

இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். சிவப்பு விளக்கு. மறுபடி இரண்டு தட்டினாள், தட்டவில்லை, அடித்தாள், கிளிப் உள்ளங்கையைக் கிழித்த வலியோடு அடித்தாள். வண்டி அலைந்து, அகலமான ஒரு திருப்பத்தில் தடுப்புச் சுவரோரம் போய் நின்றது. மொபெட்காரன் சட்டென்று ஒடித்துக்கொண்டு, முறைத்துப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் கடந்து போனான். மொட்டைக் குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டியது. அவள் பதிலுக்குக் கை ஆட்டவில்லை. ஆட்டக்கூடிய கையாக அது இல்லை.

என்னாச்சு என்று இறங்கினார். அவள் கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் ஒரு பொட்டு இரத்தம், அதன்மேல் கிளிப். சென்னியப்பன் அதைப் பார்த்தார், போய்க் குனிந்து வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் பார்த்தார், நிமிர்ந்து சிரிக்கத் தொடங்கினார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் எல்லோருக்கும் சேர்த்துச் சிரித்தார்.

"அட, இது பழசு புள்ள. வாய் விரிஞ்சு போச்சுன்னு பண்ணாரியிலயே கழட்டி வீசிட்டுப் புதுசு மாட்டிட்டன். நீ கோயிலுக்குப் போயிருந்தே. இதுக்கா இப்படி அடிக்கறே?"

அவளும் குனிந்து பார்த்தாள். பளபளவென்று புதுக் கிளிப், போல்ட்டின் ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. போல்ட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை. எழும்பப் போவதும் இல்லை. அவ்வளவு நேரம் அவள் கைக்குள் வைத்துக் காத்தது ஒரு குப்பை. ஐயோ என்று இருந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது வெட்கம். கொலைகாரியாக மலையேறியவள், கடைசியில் அதற்குக்கூட லாயக்கில்லாமல் நின்றாள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது பாட்டுக்குக் காற்றாடி பார்த்துக்கொண்டு வந்திருக்கும். ஆனால் அது அவளுக்குத் தெரியாதே. தெரியாமல்தானே தட்டினாள்.

சென்னியப்பன் கேமராவுக்காகக் குரலை உயர்த்தி, நண்பர்களே, நம்ம வீட்டம்மா இருக்காங்களே என்று ஆரம்பித்தவர், போகிற போக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஆமா, இது உனக்கு எங்க கிடைச்சுது?"

"அங்கயேதானுங்க. டீக்கடை முன்னால. சக்கரத்துக்குப் பக்கத்துல கெடந்துது."

"கெளம்பறதுக்கு முன்னாலயா?"

அவள் தலையசைத்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் பார்வை சுவருக்கு அப்பால் கீழே போனது. ஏறிவந்த பாதை அங்கிருந்து மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது, எறும்புபோல லாரிகள் ஊர்ந்தன. ஒவ்வொரு மடிப்பாகக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தார். சிரிப்பு எந்த மடிப்பில் நின்றது என்று சொல்ல முடியாது. மில்லில் விபத்து நடந்த இடத்தைப் பார்க்கிற முகம் வந்துவிட்டது. அவர் கை அவரை அறியாமல் இடது தோளுக்குப் போயிற்று.

"ஒவ்வொரு வளைவுக்கும் தட்டுனயே புள்ள."

நீங்கள் கையைக் காட்டினீர்கள் என்று சொல்லலாம். உப்புமா, தொட்டில், கை கழுவிட்டீங்களா சம்மந்தி, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டலாம், கொட்டுவதற்குத்தான் இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்தாள். வாயில் வந்தது வேறு.

"ஆமாங்க. தட்டுனன்."

அவர் கையை மேலே கொண்டுபோய்க் கேமராவை அணைத்தார். சிவப்பு விளக்கு அவளுக்காக அணைந்தது அதுதான் முதல் தடவை. தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு குட்டியை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இவர்களிடம் தின்ன ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டு போய்விட்டது. பிறகு அவர் அவளைப் பார்க்காமல், பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மைசூர்ல நீ இருந்துக்க. எத்தனை நாளானாலும் இருந்துக்க. கூர்க்குக்கு நான் மட்டும் போய்க்கறன்."

இந்தச் சொல்லைக் கேட்பதற்காகத்தான் அவள் அடிவாரத்திலிருந்து வந்தாள். எப்படியெல்லாமோ வரும் என்று நினைத்திருந்தாள், இப்படி வரும் என்று நினைக்கவில்லை. கடிக்கும் என்று தெரிந்த நாய்க்கு எட்டி நின்று எலும்பைப் போடுவதுபோல வந்தது. சரிங்க என்றாள். கிளிப்பைச் சுவருக்கு அப்பால் எறியப் போனவள், என்ன தோன்றியதோ, திரும்பவும் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அவர் அதையும் பார்த்தார். ஏறு என்று சொல்லவில்லை, அவள் ஏறி உட்காரும்வரை காத்திருந்தார். முதுகை முன்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார், இருவருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குக் காற்று போனது.

வண்டி கிளம்பியது. மேலே குளிர் தொடங்கியிருந்தது, மூங்கில் வாசம் வந்தது. கண்ணாடியில் ஆரஞ்சுப் பெட்டி சமர்த்தாக வந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் வெறும் ரோடு. அடுத்த வளைவு வந்தது, முடிந்தது, வண்டி நிமிர்ந்தது. தோள் உயரவில்லை. அவள் கை பழக்கத்தில் தானாக எழுந்து ஒரு தட்டுத் தட்டியது. இந்த ஒரு தடவை அது உண்மையான சரி. சென்னியப்பன் வேகத்தைக் குறைத்து, கழுத்தை முழுக்கத் திருப்பி, பின்னால் பார்த்துக்கொண்டார்.